பொன்னாடைக்கு உரிய அக்கா

கோயில் மண்டபத்தில் பேச எனக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். "நேர்மறைச் சிந்தனையால் உயர்ந்த தொழில்முனைவர்" என்று பதாகையில் எழுதி, கீழே அக்காவின் படத்தைப் போட்டிருந்தார்கள். மலாக்காவின் பாச்சாங்கில் பதினோரு ஆண்டுகளாக அவர் கையால் இடியாப்பம் வாங்கித் தின்கிறவன் என்பதால் பாராட்டுரை என் பொறுப்பானது. எனக்கு முன்னால் பேசியவர்கள் நேரத்தை எடுத்துக்கொண்டதில் ஐந்து நிமிடம் இரண்டாகச் சுருங்கியது. "சிரித்த முகம், சோராத உழைப்பு" என்று ஏதோ சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். அக்கா, உங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியது எதுவும் அதில் இல்லை. அதனால் முழுப் பாராட்டையும் இங்கே எழுதுகிறேன். மிகையாக ஒரு சொல்லும் இருக்காது.

மலாயில் பாச்சாங் என்பது ஒரு மாம்பழத்தின் பெயர். பழுத்தால் தெருமுனைவரை மணக்கும். அதன் பால் பட்டால் உதடு புண்ணாகிவிடும். உங்களைப் பற்றிய பாராட்டிலும் அப்படி ஒரு பால் கசிகிறது. அது உங்கள் மேல் படக்கூடாது என்று பார்த்துப் பார்த்து எழுதுகிறேன். பட வேண்டிய உதடுகள் அந்த மண்டபத்தில் நிறைய இருந்தன. என்னுடையதும் அவற்றில் ஒன்று.

முதலில் உங்கள் கப்பியைப் புகழ வேண்டும்.

உங்கள் வீடு மலிவு விலை ஃபிளாட்டில் நான்காம் மாடியில் இருக்கிறது. லிஃப்ட் கிடையாது. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, முதல் நாளே வறுத்து வைத்த அரிசி மாவில் கொதிநீர் ஊற்றிக் கிளறி, அச்சில் அடைத்து, பிரம்புத் தட்டுகளில் பிழிந்து ஆவியில் வைக்கிறீர்கள். பக்கத்து அடுப்பில் பண்டான் இலை மணக்க நாசி லெமாக் சோறு வேகிறது. சம்பாலை இரவே வதக்கி வைத்திருப்பீர்கள். ஐந்தரை மணிக்கு இத்தனையும் கீழே இறங்கியாக வேண்டும். முன்பெல்லாம் சோற்றுப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு படியில் நான்கு நடை இறங்கி ஏறினீர்கள். முழங்கால் வீங்கிப்போன ஆண்டில், பழைய சாமான் கடையிலிருந்து ஒரு கப்பியை வாங்கிவந்து, பின்கட்டுக் கம்பியில் மாட்டி, நைலான் கயிற்றில் பானையைக் கட்டி, மகள் கீழே நின்று வாங்கிக்கொள்ள இறக்கினீர்கள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. கயிறு கையை அறுக்காமல் இருக்கப் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியிருந்தீர்கள். பொறியியல் படித்தவர்களும் வியக்கும் வேலை அது.

அதை யாரோ கைப்பேசியில் படமெடுத்து, "நம்மவர் மூளையைப் பாருங்கள்" என்று பரப்பினார்கள். ஒரே நாளில் பாச்சாங் முழுவதும் பார்த்தது. பாராட்டினோம், பகிர்ந்தோம். நான்கு மாடிக்கு லிஃப்ட் வைக்காமல் ஏழைகளுக்கு வீடு கட்டியது யார் என்று அந்தப் படத்தின் கீழே ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கப்பியைப் பார்த்த எங்கள் கண்ணில் உங்கள் முழங்கால் படவில்லை.

உங்கள் கடையையும் புகழ வேண்டும். பத்து பெரெண்டாம் தொழிற்பேட்டைக்கு ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவர்கள் மோட்டாரை மெதுவாக்கும் இடமாகப் பார்த்து மேசை போட்டிருக்கிறீர்கள். மேசைக்குக் கால் கொடுத்தது ஒரு பழைய தையல் இயந்திரம். பெயிண்ட் வாளியில் சிமெண்டை ஊற்றிக் குடைக்கம்பை நட்டிருக்கிறீர்கள். எந்த மழைக்காற்றிலும் அது சாய்ந்து நான் பார்த்ததில்லை. அந்த ஓரத்தில் கடை போட உரிமம் கேட்டு எழுதிப்போட்டு மூன்று ஆண்டுகள் காத்திருந்தீர்கள். அந்த மூன்று ஆண்டுகளும் அதிகாரிகள் வரும் நாளை மோட்டார்ச் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்தீர்கள். இரண்டு நிமிடத்தில் மேசையை மடக்கி, குடையைப் பிடுங்கி, சந்துக்குள் போய்விடுவீர்கள். அந்த வேகத்தைப் பார்த்துத்தான் ஒரு நாள் "அக்கா, நீங்க சர்க்கஸ்ல இருக்க வேண்டியவங்க" என்று சொன்னேன். நீங்களும் சிரித்தீர்கள். அன்று உங்கள் கை நடுங்கியது இப்போது நினைவுக்கு வருகிறது.

அந்தத் தொழிற்பேட்டை உங்களுக்குப் புதிதில்லை. 1970களில் அங்கே மின்னணுத் தொழிற்சாலைகள் வரத் தொடங்கின. அலோர் காஜா பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் ஜாசின் பக்கத்திலிருந்தும் தொழிற்சாலை பஸ்கள் பெண்பிள்ளைகளை ஏற்றிவந்தன. பதினெட்டு வயதில் அப்படி ஒரு பஸ்ஸில் வந்தவர் நீங்கள். பூதக்கண்ணாடிக்குக் கீழே தலைமுடியைவிட மெல்லிய கம்பியை ஒட்டும் வேலை, இருபத்தைந்து ஆண்டுகள். 2009இல் உலகப் பொருளாதாரம் சரிந்தபோது ஆட்குறைப்பில் உங்கள் பெயரும் வந்தது. நீங்கள் பிறந்த தோட்டம் அதற்கு முன்பே வீடமைப்புக்கு விற்கப்பட்டு, லயத்து வீடும் போயிருந்தது. கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோக்க முடியாத கண்ணோடு, நாற்பத்து மூன்று வயதில் நீங்கள் தொழில்முனைவர் ஆனீர்கள். மேடையில் ஒருவர் இதை "துணிந்து எடுத்த முடிவு" என்றார். துணிவு உங்களிடம் இருந்தது, மறுக்க முடியாது. எடுக்க வேறு முடிவுதான் இல்லை.

இனி வருமானம். உங்களிடம் கேட்டுத்தான் இந்தக் கணக்கைப் போட்டேன்; எழுதட்டுமா என்றும் கேட்டேன், "எழுதுங்க தம்பி, திருட்டுக் காசா" என்றீர்கள். அரிசி, தேங்காய், நெத்திலி, எரிவாயு, பொட்டலத் தாள் எல்லாம் போக ஒரு நல்ல நாளில் 65 வெள்ளி நிற்கிறது. மாதத்துக்கு 26 நாள் கடை. ஆக 1,690 வெள்ளி. 2025 பிப்ரவரி முதல் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதைவிடப் பத்து வெள்ளி குறைவாக நீங்கள் சம்பாதிக்கிறீர்கள், அக்கா. சட்டம் தொழிலாளிக்கு வாரத்துக்கு 45 மணி நேரம் என்று வரம்பு வைத்திருக்கிறது. சந்தைக்குப் போவது, சம்பால் அரைப்பது, பாத்திரம் தேய்ப்பது எல்லாம் சேர்த்தால் நாளுக்குப் பதினோரு மணி நேரம் உழைக்கிறீர்கள்; வாரத்துக்கு 66 வந்துவிடுகிறது. தொழிற்சாலையில் இருந்தவரை முதலாளி உங்கள் சேமநிதியில் ஒரு பங்கு போட்டார். இன்று அந்த 1,700 வெள்ளிச் சம்பளத்துக்கு முதலாளி போட வேண்டிய பங்கு 13 விழுக்காடு, மாதம் 221 வெள்ளி. இப்போது முதலாளியும் நீங்கள்தானே, அதனால் அந்த 221 வெள்ளியைப் போட ஆளில்லை. கீழே நின்று பானை வாங்குகிற மகளுக்கு நீங்கள் சம்பளம் கொடுத்ததில்லை, அவளும் கேட்டதில்லை.

இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டும் நாளைக்கு மூன்று மணிக்கு எழுந்திருக்கப் போகிறீர்களே, அதைத்தான் நேர்மறைச் சிந்தனை என்று பதாகையில் எழுதினோம். அந்தப் பெயர் அதற்குப் போதாது.

மலாக்காவில் தொழில்முனைவர் என்றால் பள்ளிப் புத்தகத்திலிருந்து எங்களுக்குத் தெரிந்த பெயர் ஒன்று உண்டு, டான் சாய் யான். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் சுமார் நாற்பது ஏக்கரில் ரப்பர் நட்டவர். மலாயாவில் வணிகத்துக்காக எழுந்த முதல் ரப்பர்த் தோட்டம் அது. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் ரிட்லி, சட்டைப் பையில் ரப்பர் விதையை வைத்துக்கொண்டு தோட்ட முதலாளிகளிடம் கெஞ்சித் திரிந்த காலம். பைத்தியக்கார ரிட்லி என்று அவரைக் கேலி செய்தார்கள். டான் சாய் யான் அவரை நம்பினார். அடுத்த சில ஆண்டுகளில் அசஹானில் 3,000 ஏக்கரில் ரப்பரும் மரவள்ளியும் பயிரிட்டார். அந்தத் துணிச்சலைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை, பெரிய காரியம்தான்.

ஆனால் அக்கா, ரப்பர்க் கன்று பால் கொடுக்க ஆறேழு ஆண்டுகள் ஆகும். நட்டுவிட்டு ஏழு ஆண்டுகள் காத்திருக்க முடிந்தவரின் நம்பிக்கை அது. அவருடைய தாத்தா டான் டோக் செங். சிங்கப்பூரில் அவர் பெயரில் இன்றும் பெரிய மருத்துவமனை இருக்கிறது. நிலமும் முதலும் குடும்பப் பெயரும் காலடியில் கிடக்க, மேலே நின்றுகொண்டு நம்பினார். பிறகு தோட்டத்தை லண்டன் நிறுவனம் ஒன்றுக்கு விற்றார். நீங்கள் காலையில் போட்ட முதலோ பத்தரை மணிக்குள் கைக்குத் திரும்பியாக வேண்டும். மழை பெய்தால் அன்றைய நெத்திலிக் காசு போய்விடும். ஏழு ஆண்டுகள் காத்திருக்க வசதி உள்ளவர் வைக்கும் நம்பிக்கையும், ஏழு மணி நேரம்கூடக் காத்திருக்க வழியில்லாதவர் வைக்கும் நம்பிக்கையும் ஒரே அளவு என்று எந்தத் தராசு சொல்லும்? என்னைக் கேட்டால் உங்களுடையது பெரியது. பாடப் புத்தகத்தில் உங்கள் படத்தைத்தான் போட வேண்டும். அப்படிப் போட்டால், பக்கத்திலேயே அவருக்கு இருந்தது உங்களுக்கு ஏன் இல்லை என்றும் எழுத வேண்டியிருக்கும். எழுதட்டும்.

அந்த மரங்களில் பால் வெட்ட வந்தவர்கள் நம் ஆட்கள். ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் விடிவதற்கு முன்பே நின்று, வெட்டுக்கத்தியும் வாளியும் எடுத்துப் போய், மங்கில் வடிந்ததைக் கொண்டுவந்து கொட்டியவர்கள். கங்காணி ஊரிலிருந்து ஆள் சேர்த்துவந்த முறை 1938இல், இந்தியா இந்த வகைக் குடியேற்றத்தைத் தடை செய்ததோடு ஓய்ந்தது. ஆனால் அவர்களுக்குக் கிடைத்த புகழ் ஓயவே இல்லை. காட்டை நாடாக்கிய கரங்கள் என்று எத்தனை மேடையில் கேட்டிருக்கிறோம்! காடு நாடானது உண்மை. அந்தக் கரங்களின் பெயரில் ஒரு காணி நிலம் எழுதப்படவில்லை என்பதும் அதே அளவு உண்மை. 1967இல் அதே அசஹான் தோட்டத் தொழிலாளர்கள் நியாயம் கேட்டுக் கோலாலம்பூர் வரை நடந்தார்கள். மலாக்காவிலிருந்து தலைநகருக்குக் கால்நடையாக! அந்த நடைக்கு யாரும் பொன்னாடை போர்த்தவில்லை. பொறுத்துக்கொண்ட நாளிலெல்லாம் புகழ்ந்தவர்கள், நடந்த நாளில் வாயைத் திறக்கவில்லை. உங்கள் கப்பியைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நடையும் நினைவுக்கு வருகிறது.

நம் ஆட்களுக்குச் சேர்த்து வைக்கத் தெரியாது, தொழில் செய்யும் எண்ணமே கிடையாது என்று மேடையில் ஒருவர் சொன்னார். உங்களை அதற்கு விலக்காகக் காட்டத்தான் சொன்னார். அங்கேயே எழுந்து மறுக்காதது என் தவறு. இப்போது மறுக்கிறேன். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960இல், துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளியிடம் கேட்டார். மாதம் பத்து வெள்ளி என்று அவர்கள் கொடுத்தார்கள். அந்தக் காலத்துக் கூலியில் பத்து வெள்ளி! மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை அந்தச் சங்கம் வாங்கியது. எண்ணத்தை மாற்றிக்கொள்ளுங்கள் என்று சம்பந்தன் அவர்களிடம் சொல்லவில்லை. காசு போட ஓர் இடத்தைக் காட்டினார். அந்த இடத்தை நம்பக்கூடியதாக வைத்திருந்தார். அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

1982இல் இந்தியர்களின் முதலீட்டு நிறுவனமாக மைக்கா ஹோல்டிங்ஸ் தொடங்கப்பட்டபோதும் கொடுத்தார்கள். தாலிக்கொடியை அடகு வைத்துப் பங்கு வாங்கியவர்கள் உண்டு. சுமார் 66,000 பேர், 10 கோடி வெள்ளிக்கு மேல். 1990இல் அந்த நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்ட ஒரு கோடி டெலிகாம் பங்குகளில் 90 லட்சம் வேறு மூன்று நிறுவனங்களுக்குப் போன செய்தி 1992இல் வெளியே வந்து நாடே பேசியது. 2010இல் மைக்கா கைமாறியபோது ஒரு வெள்ளிப் பங்குக்கு 80 காசு விலை வந்தது. இருபத்தெட்டு ஆண்டு நம்பிக்கைக்கு எண்பது காசு. அந்தத் தொழிலாளிகளிடம் நம்பிக்கை குறைவாகவா இருந்தது?

அதனால்தான், இப்போது மாதத்துக்கு ஒரு மண்டபத்தில் குளிர்சாதனம் போட்டு நம்பிக்கை வகுப்பு நடத்துகிறவர்களைப் பார்த்தால் மனம் கொதிக்கிறது. நம்பிக்கைப் புத்தகங்களுக்கு நான் எதிரி இல்லை. எம்.எஸ். உதயமூர்த்தியின் "எண்ணங்கள்" படித்துத்தான் என் தலைமுறையின் பாதிப் பேர் தோட்டத்தைவிட்டுப் படிக்கக் கிளம்பினார்கள். அவர் எண்ணத்தோடு நிற்காமல் மக்கள் சக்தி இயக்கம் என்று ஒன்றையும் கட்டினார். மனத்தில் நம்பு, பிறகு ஊரோடு சேர்ந்து வேலை செய் என்றார். இங்கே வகுப்பெடுப்பவர்கள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். உலகம் முழுவதும் இதே கதைதான் நடக்கிறது. அமெரிக்காவில் நார்மன் வின்சென்ட் பீல் 1952இல் நேர்மறைச் சிந்தனைப் புத்தகம் எழுதி வெளியிட்டார். 2012இல் "ஜுகாட்" என்ற இந்திச் சொல்லையே தலைப்பில் வைத்து, ஒன்றும் இல்லாமல் சமாளிக்கும் சாமர்த்தியத்தைப் பெரிய நிறுவனங்களுக்குப் பாடமாகச் சொல்லும் ஆங்கிலப் புத்தகம் வந்தது. உங்கள் கப்பியும் ஒரு நாள் ஏதோ ஒரு புத்தகத்தில் வரக்கூடும், அக்கா. லிஃப்ட் வருமா என்றுதான் தெரியவில்லை.

உங்கள் 555 புத்தகங்களைப் புகழாமல் இந்தப் பாராட்டு முடியாது. உள்ளங்கை அளவுக் கடன் புத்தகங்கள். ஒரு மைலோ டின் நிறைய வைத்திருக்கிறீர்கள். சம்பள நாள்வரை கடன் சொல்லித் தின்கிற தொழிற்சாலைப் பிள்ளைகள் முப்பது பேருக்குக் குறையாது. தமிழர், மலாய்க்காரர், வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள். பெயர் எழுதத் தெரியாத பிள்ளைக்குத் தலைக்கவசத்தின் நிறத்தை எழுதி வைத்திருக்கிறீர்கள்: "சிவப்புத் தொப்பி, 2 பொட்டலம்." ஒருவரிடமும் ஒரு காசு வட்டி வாங்கியதில்லை. பாச்சாங்கில் வட்டியில்லாத வங்கி அந்த மைலோ டின்தான்.

அந்த வங்கியின் சொந்தக்காரர் ஒரு முறை கடன் கேட்டுப் போனார். எந்த அலுவலகம் என்று சொல்ல வேண்டாம். பெரிய நீராவி அடுப்பு வாங்க ஐந்தாயிரம் வெள்ளி. ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கை கொண்டுவாருங்கள் என்றார்கள். உங்கள் காசு வங்கி வழியாக வருவதில்லை. கையில் வந்து கையில் போகிறது. நீங்கள் மைலோ டின்னைக் கொண்டுபோனீர்கள். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் பிள்ளை ஒவ்வொரு புத்தகமாகப் புரட்டிப் பார்த்து, "எவ்வளவு அழகான கையெழுத்து!" என்று மனமாரச் சொல்லித் திருப்பிக் கொடுத்தாளாம். உங்களுக்குப் பாராட்டு கிடைத்தது. அடுப்பு கிடைக்கவில்லை.

அதனால் தீபாவளி முறுக்குக்கு முதல் வேண்டுமென்றால் வளையல் அடகுக் கடைக்குப் போகிறது. மாதத்துக்கு 2 விழுக்காடு வட்டி. 1,500 வெள்ளிக்கு மாதம் 30 வெள்ளி. ஆறு மாதத்தில் மீட்காவிட்டால் வளையல் உங்களுடையது இல்லை. ஒவ்வோர் ஆண்டும் ஐந்தாம் மாதத்திலேயே மீட்டுவிடுகிறீர்கள், ஒரு முறையும் தவறியதில்லை. அது போக, ஃபிளாட்டில் பத்துப் பெண்கள் சேர்ந்து கூட்டுப் பிடிக்கிறீர்கள். ஆளுக்கு 200, மாதம் ஒருவருக்கு 2,000. கூட்டு நடத்துவதைத் தொழிலாக்கக் கூடாது என்று 1971இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அந்தச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே "கூட்டு" என்ற நம் சொல் நிற்கிறது. ஏமாற்றுக்காரர்களிடமிருந்து ஏழையைக் காக்க வந்த சட்டம், சரிதான். ஆனால் ஏழை ஏன் கூட்டுப் பிடிக்கிறாள் என்ற கேள்விக்கு அதில் பிரிவு இல்லை.

திட்டங்களே இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். சிறுதொழிலுக்குக் கடன் தரும் அரசு அமைப்பான தெக்குன் நேஷனலில் இந்தியர்களுக்கென்று ஸ்புமி கடன் இருக்கிறது. வங்காளதேசத்துக் கிராமின் வங்கியைப் பார்த்து 1987இல் தொடங்கிய சிறுகடன் அமைப்பான அமானா இக்தியார், 2024இல் இந்தியப் பெண்களுக்கென்று "பெண்" என்று தமிழிலேயே பெயர் வைத்து 5 கோடி வெள்ளித் திட்டம் கொண்டுவந்தது. அந்தச் செய்தி வந்த வாரம் நாங்கள் எல்லாரும் கைப்பேசியில் அதைப் பரிமாறிக்கொண்டோம். உங்களுக்கும் அனுப்பினோம். கைப்பேசியில் வந்த அந்தத் தாளைப் பெரிதாக்கிப் படிக்க உங்கள் கண்ணால் முடியவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். பாரம் நிரப்பத் தெரிந்தவர்கள் இந்தத் தாமானில் இருபது பேராவது இருக்கிறோம்: ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கிராணிகள், கணக்காளர்கள். தினமும் காலையில் உங்கள் மேசை முன்னால் நின்றவர்கள். ஒருவராவது ஒரு பிற்பகல் உங்களோடு பஸ் ஏறி அந்த அலுவலகத்துக்கு வந்தோமா? "அக்கா கெட்டிக்காரி, எப்படியாவது சமாளிச்சிடுவாங்க" என்று பேசிக்கொண்டோம். உங்கள் கெட்டிக்காரத்தனம் எங்களுக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்று இப்போது புரிகிறது. நீங்கள் கொஞ்சம் கெட்டிக்காரத்தனம் குறைந்தவராக இருந்திருந்தால் எங்களில் யாராவது எழுந்திருக்க வேண்டி வந்திருக்கும்.

ஔவையார் தொண்டைமானின் ஆயுதச் சாலையைப் பார்த்து, பீலியும் மாலையுமாக எவ்வளவு பளபளப்பு என்றாராம். அதியமானின் வேல்களோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றாராம். பள்ளியில் அதை வஞ்சப்புகழ்ச்சி என்று படித்தோம். மண்டபத்தில் உங்கள் கையைப் பார்த்தபோது அது நினைவுக்கு வந்தது. நீராவி பட்டு நகக்கண் வெளுத்த விரல்கள். எதிரே, வழவழப்பான மேசையின்மேல் எங்கள் கைகள். நான் உங்களைப் பற்றிச் சொல்கிற ஒவ்வொரு புகழும் மெய் அக்கா. அதில் வஞ்சம் இருந்தால் அது எங்களை நோக்கியது.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. தொழிற்சாலை வாசலில் ஆளில்லை, சாலை ஓரத்தில் மேசை போட அனுமதியில்லை. சேமநிதியிலிருந்து மாதம் 500 வெள்ளிவரை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள், எடுத்தீர்கள். ஃபிளாட்டுக்குள்ளேயே வாட்ஸ்அப்பில் சொல்லி வைத்து, கதவுப் பிடியில் பொட்டலத்தை மாட்டிவிட்டுப் போனீர்கள். மறு ஆண்டு ஜூன் மாதம் மீண்டும் முழு முடக்கம். அந்த மாதக் கடைசியில் நாடெங்கும் வெள்ளைக் கொடி ஏறியது. சோற்றுக்கு வழியில்லாத வீடு வாசலில் வெள்ளைத் துணி கட்டினால் அக்கம்பக்கத்தார் உதவட்டும் என்று மக்களே தொடங்கியது. உங்கள் புளோக்கிலும் ஆறேழு கொடிகள் தொங்கின. நீங்கள் கட்டவில்லை. கட்டியிருந்த வீடுகளுக்கெல்லாம் காலையில் இடியாப்பம் போனது. அதே கப்பியில் இரண்டாம் மாடி, முதல் மாடி என்று நிறுத்தி நிறுத்தி இறக்கினீர்கள். பக்கத்துத் தாமானிலிருந்து ஓர் அமைப்பு வந்து உங்களைப் படமெடுத்து, "கொடுக்கும் கை" என்று போட்டது. அதையும் பகிர்ந்தேன்.

உங்கள் மகள் போன மாதம்தான் என்னிடம் சொன்னாள். அந்த ஜூலையில் உங்கள் வீட்டில் இரவுச் சோறு ஒருவருக்குத்தான் இருந்ததாம். நீங்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு படுத்துவிடுவீர்களாம். ஏன் கொடி கட்டவில்லை என்று அவள் கேட்டதற்கு, "நாமளே கட்டிட்டா அவங்க யாரைப் பார்ப்பாங்க" என்றீர்களாம்.

கொடி கட்டாத வீட்டில் எல்லாம் நிறைந்திருக்கிறது என்று நாங்கள் முடிவு செய்துகொண்டோம். முகம் சிரித்தால் வயிறும் நிறைந்திருக்கும் என்று நம்பினோம். நேர்மறைச் சிந்தனை என்று ஒன்று எங்களிடமும் இருந்தது அக்கா, உங்களைப் பற்றி. நான் உங்கள் வீட்டிலிருந்து அறுபது அடி தூரத்தில் இருந்தேன். என் ஓய்வூதியம் ஒரு மாதமும் நிற்கவில்லை. உங்கள் கதவைத் தட்டி, "சாப்பிட்டீங்களா அக்கா?" என்று ஒரு நாள் கேட்கவில்லை. அந்த ஆண்டு நீங்கள் தேங்காய் விலை ஏறிவிட்டதென்று பொட்டலத்துக்கு இருபது காசு கூட்டியபோது மட்டும், "ஏன் அக்கா?" என்று கேட்டேன்.

விழாவுக்கு மறுநாள் காலை வழக்கம்போல ஆறரைக்கு வந்தேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. மண்டபத்தில் உங்களுக்குப் போர்த்திய அந்தச் சரிகை போட்ட மஞ்சள் பொன்னாடை, நான்காக மடிக்கப்பட்டு இடியாப்பக் கூடையைச் சுற்றி இருந்தது. மேலே ஆவி லேசாக எழுந்தது. நான் பார்ப்பதைக் கவனித்து நீங்களே சொன்னீர்கள்:

"நல்லா சூடு தாங்குது தம்பி. மூணு பொட்டலம்தானே?"